காற்றளக்கும் கம்பத்தின் பீடம்

அன்று விமான நிலைய ஓடுபாதை ஓரத்தில் இருந்தது நாலே பேர். கொத்தனாராகிய நான், கையாளாக வந்த என் மச்சினன், கலவை மிஷின் கொண்டுவந்த மேலப்பாளையத்துப் பாய், வேலையைப் பார்க்க வந்த இன்ஜினியர் அம்மா.

காற்றளக்கும் கம்பம் நடுவதற்கு இரண்டடிச் சதுரத்தில் ஒரு கான்கிரீட் பீடம். அம்மா, கம்பத்தை முடுக்கும் போல்ட் தகட்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, "சரியா இருக்கு அண்ணாச்சி, கொட்டுங்க" என்றுவிட்டு அடுத்த குழியை அளக்கப் போனார். கொட்டினோம். மேலே தேய்க்கும்போது என் கை பழக்கத்தில் ஈசானிய மூலைக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்துவிட்டது. தகட்டையும் அதோடு சேர்த்து அமுக்கிவிட்டேன். முப்பது வருஷமாக நான் போட்ட தளமெல்லாம் அப்படித்தான். மழைத்தண்ணீர் அந்த மூலைக்கு ஓடாவிட்டால் வீட்டுக்காரர் விடமாட்டார்.

டீ குடிக்கும்போது அம்மா சொன்னார்: "கம்பம் முப்பத்து மூணு அடி, அண்ணாச்சி. அது சொல்லுத காத்தக் கேட்டுத்தான் பைலட்டு எந்தப் பக்கம் எறங்கணும்னு முடிவு பண்ணுதாரு."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஏழாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் இந்தக் கணக்கு எனக்கு வரும். அடியில் கால் அங்குலம் என்றால் உச்சியில் நாலு அங்குலம். என் மனசு எப்போதும் கெட்டதை நோக்கியே ஓடும். ஐப்பசி மழை, இறங்கும் விமானம், உள்ளே கைக்குழந்தைகள்.

மச்சினனிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அத்தான், பேசாம இருங்க. சொன்னா கூலியும் போவும், அடுத்த வேலையும் போவும்."

"உள்ள ஒங்க அக்கா இருந்தா என்னல செய்வ?"

"அவ பஸ்ஸுல ஏறினாலே வாந்தி எடுப்பா. விமானத்துல எப்பம் ஏறப் போறா?"

பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ரசமட்டத்தை வைத்தார். குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"இறுகுததுக்குள்ள சொன்னீங்களே, அதுவே பெருசு" என்றார்.

கலவையை வாரிக் கொட்டிவிட்டு மறுபடி போட்டோம். கான்ட்ராக்டர் போனில், "உம்ம தப்பு, செலவும் உம்மதுதான் வே" என்றார். அது நியாயம்தான்.

இப்போது அந்தக் கம்பம் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நிற்கிறது. மேகம் கவிந்த நாளில் விமானச் சத்தம் கேட்டால், எந்தச் சாரத்தில் நின்றாலும் கரண்டியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். அது இறங்க வேண்டிய பக்கத்தைச் சொல்லும் கம்பம் நான் போட்ட பீடத்தின் மேல் நிற்கிறது. பயந்தாங்கொள்ளி என்று ஊரில் பெயரெடுத்த எனக்கு நெஞ்சு நிமிர்வது அப்போதுதான்.

அன்றைக்குக் கூடுதலாக ஓடிய மிஷின் வாடகையை, "பைய தாரும் வே" என்று பாய் விட்டிருக்கிறார். கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்துவருகிறேன். இன்னும் ஆயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி.