வெற்றிலை வாங்கிய கை

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் என் வணக்கம்.

அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. அதனால் இதை எழுதும் கடமை எனக்கு வந்தது. பிறந்த ஊர், திருமணம், கோயிலுக்குச் செய்த தொண்டு, கடைசிக் காலம், இவ்வளவு போதும் என்று பெரியப்பா சொன்னார். மறியல் சமயத்தில் நடந்ததை அச்சில் ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னார். என் நன்மைக்காகத்தான் சொல்கிறார். என் மகள் நாளை இதே ஊர்ப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அதை விட்டுவிட்டும் எழுதிப் பார்த்தேன். படித்துப் பார்த்தால் அது வேறு யாரோ ஒரு அம்மாவாக இருந்தது. ஆகவே எழுதுகிறேன். தவறென்றால் பெரியவர்கள் என்னைத்தான் கேட்க வேண்டும், அம்மாவை அல்ல.

அம்மா பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில். தாத்தா குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் காலத்தில் வீட்டில் யாருக்கும் பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அப்பா புதிதாக மைக் செட் வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். சுற்று வட்டாரத்தில் அப்போது வேறு செட் இல்லை. அதுவரை கல்யாணம் என்றால் மேளச் சத்தம் எட்டும் தூரம்தான். செட் வந்த பிறகு மூன்று ஊருக்கும் தெரிந்துதான் தாலி ஏறியது.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். செட்டை விற்றுவிடச் சொல்லாதவர்கள் இல்லை. அம்மா கள்ளக்குறிச்சியில் ரிப்பேர் கடை ஒன்றில் உட்கார்ந்து ஒயர் சேர்க்கவும் ஆம்ப்ளிபயரில் பியூஸ் மாற்றவும் கற்றுக்கொண்டு வந்தார். மரமேறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது மட்டும் அம்மாவின் தம்பி, என் மாமா. மற்றதெல்லாம் அம்மாதான்.

கல்யாண வீடுகளில் முதல் பிள்ளையார் பாட்டை யார் போடுவது என்று ஒரு பேச்சு எழும். தாலி அறுத்தவள் கை ஆகாது, வேறு ஒரு சுமங்கலியை விட்டுப் போடச் சொல்லலாம் என்பார்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை அதை நேராகவே சொல்லிவிட்டார். அம்மா கோபப்படவில்லை. ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"சரிங்க. செட்ட கழட்டிக்கினு போயிடறேன். சுமங்கலிங்க எல்லாம் சேந்து வாயால பாடிக்குங்க."

அன்று அந்த வீட்டில் முதல் பாட்டை அம்மாதான் போட்டார். அந்தத் தம்பதிக்கு இப்போது நான்கு பிள்ளைகள். இன்று பந்தியில் அவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மா வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம். செட் வேண்டுமென்றால் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்க வேண்டும். அம்மா எடுத்துக்கொண்டால் அந்த நாள் அவர்களுடையது. அதற்குப் பின்னால் யார் வந்தாலும், கலெக்டரே வந்தாலும், இல்லை. இந்தச் சட்டம் அப்பா காலத்திலேயே இருந்தது. ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனியிலிருந்து யாரும் தட்டு எடுத்து வந்ததில்லை. வந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். அவர்கள் கள்ளக்குறிச்சியிலிருந்துதான் செட் கொண்டு வருவார்கள். ஒரு நாள் காலனிப் பெரியவர் ஒருவர் தன் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்காகத் தட்டோடு வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அம்மா இறங்கிப் போய் வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. நிறைமாதத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். பயமாகத்தான் இருந்தது.

எனக்குப் பிள்ளை பிறந்து சில வாரங்களில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் நின்றது, பால் வண்டி நின்றது, பேப்பர் வரவில்லை. என்ன நடக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால், கேட்டதெல்லாம் நிஜமானது. எங்கள் தெருப் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். கூட்டுரோட்டில் கூட்டம் போட வேண்டும் என்று செட் கேட்டு வந்தார்கள். அவர்கள் கேட்ட நாள் காலனிக் கல்யாணத்து நாள்.

"இன்னா சின்னம்மா, நம்ம போராட்டத்துக்கு இல்லாத செட்டு அவங்களுக்கு எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"நம்ம புள்ளைங்களுக்குப் படிப்பு வேணும், வேல வேணும். நானுந்தான் கேக்கறேன். அதுக்காவ தின்ன வெத்தலைய துப்ப முடியாதுப்பா. மறுநாளு வெச்சிக்குங்க, வாடகையே வாணாம்."

அவர்கள் திரும்பிப் போனார்கள். போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கைப்பிள்ளையைக் காட்டி அம்மாவைக் கெஞ்சினேன். பச்சை உடம்புக்காரி வெயிலில் நிற்காதே என்று மட்டும் சொன்னார். விடிந்ததும் மாமாவோடு காலனிக்குப் போய்விட்டார்.

காலனியில் கட்டும் குழாய் ஊரைப் பார்க்கக் கூடாது என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அன்று ஒரு குழாய் மலைப் பக்கம் இருந்தது, இன்னொன்று எங்கள் தெருவைப் பார்த்தது. அம்மா தெரிந்தேதான் அப்படிக் கட்டச் சொன்னாரா, கிளை அப்படி அமைந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமாவைக் கேட்டால் சிரிக்கிறார்.

பொழுது ஏறும் நேரத்தில், காலனிக்காரர்கள் மைக்கில் மறியலைக் கேலி பேசுகிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு பரவியது. நான் வீட்டில்தான் இருந்தேன். பாட்டைத் தவிர எதுவும் காதில் விழவில்லை. ஆனால் கேட்டேன் என்று சொல்பவர்கள் பத்துப் பேர் ஆனார்கள். தடியோடு வாய்க்கால் பக்கம் ஓடினார்கள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். பாட்டு சட்டென்று நின்றது. பிறகு அம்மாவின் குரல் கேட்டது. அத்தனை ஆண்டு செட் வைத்திருந்தும் அம்மா மைக்கில் பேசிய முதல் தடவை அதுதான்.

"நான்தான் பேசறேன், செட்டுக்காரி. இங்க யாரும் யாரையும் திட்டல. திட்டணும்னா இந்த மைக்குலதான திட்டணும்? மைக்க நான் கையில புடிச்சினு உக்காந்துகினு இருக்கேன். காலையிலேருந்து யாரு கைக்கும் குடுக்கல. வாய்க்கா மேல முன்னால நிக்கறது யாருன்னு எனக்குத் தெரியுது. உன் கல்யாணத்துக்கு மொதப் பாட்டு போட்ட கைதான் இது. சந்தேகம்னா வந்து கேளு. தடிய அங்கயே வெச்சிட்டு வா. இங்க பந்தி போட்டுக்கினு இருக்காங்க."

பிறகு பாட்டு தொடர்ந்தது. அம்மா பேசியதால் எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய். யாரும் பந்திக்குப் போகவில்லை. ஆனால் வாய்க்காலைத் தாண்டவும் இல்லை. ஆள் அடையாளம் தெரிந்த பிறகு முன்னால் நிற்க யாருக்கும் கால் வரவில்லை போலும். திரும்பும்போது சிலர் கல் விட்டார்கள். ஒரு குழாயின் வாய் நசுங்கியது. அதற்குள் தாலி கட்டி முடிந்திருந்தது.

மறுநாள் விடியலில் அம்மா அதே செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு கூட்டுரோட்டுக்குப் போனார். சாய்ந்து கிடந்த மரத்தின் மேலேயே நசுங்கிய குழாயைக் கட்டச் சொன்னார். மறியலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

"நேத்து அவங்க மொற, இன்னிக்கு உங்க மொற. பேசறவங்க பேசுங்க. கொழா யாரு வாயின்னு பாக்காது."

முதலில் யாரும் மைக்கைத் தொடவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒருவர் வந்து பேசினார். நன்றாகப் பேசினார் என்று அம்மாவே சொன்னார்.

அதன் பிறகு இரண்டு முகூர்த்தக் காலம் ஊர்த்தெருவிலிருந்து ஒரு தட்டும் வரவில்லை. காலனிகளிலிருந்து வந்தன. நைனார்பாளையம் வரைகூடச் செட் போனது. பிறகு ஊரும் ஒவ்வொருவராக வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் வயிற்றில் கட்டி வந்து கள்ளக்குறிச்சிக்கும் புதுச்சேரிக்கும் அலைந்தோம். பேச்சுக் குறைந்த நாட்களிலும் அம்மா ஒன்றை நினைவுபடுத்தினார். காலனிப் பெரியவரின் இளைய பெண் கல்யாணத்துக்கு வெற்றிலை வாங்கியிருக்கிறது, மறந்துவிடாதே என்றார். அம்மா போன பிறகு, காரியத்துக்கு முன்பே அந்த முகூர்த்தம் வந்தது. காரியம் முடியாத வீட்டிலிருந்து கல்யாணத்துக்குச் செட் போகலாமா? பெரியப்பா கூடாது என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வேறு செட் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நானே காலனிக்குப் போனேன். பெண்ணின் தாயார் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"உங்கம்மா வெத்தல வாங்கிக்கினாங்க, பாப்பா. வேற செட்டு எங்க வூட்டுக்கு வராது. உனக்கு மனசு இல்லன்னா பாட்டே இல்லாம தாலி கட்டறோம்."

நான் போனேன். என் கணவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். மாமா குழாய் கட்டினார். முதல் பாட்டை நான் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது.

அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், இரவு பகல் உடனிருந்த மாமாவுக்கும், என் மேல் வருத்தம் இருந்தும் காரியத்தை முன்நின்று நடத்திய பெரியப்பாவுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும், வாசலுக்கு வெளியே நில்லாமல் உள்ளே வந்து அழுத காலனி மக்களுக்கும் நன்றி. அன்று கல் விட்டவர்களும் வந்திருந்தீர்கள். உங்களுக்கும் நன்றி. நசுங்கிய குழாயை நாங்கள் மாற்றப் போவதில்லை. அதில் இன்னும் நன்றாகவே கேட்கிறது.

செட்டை என்ன விலைக்குக் கொடுப்பாய் என்று இந்த ஓராண்டில் பலர் கேட்டுவிட்டார்கள். இதுவே பதில். விற்கவில்லை. வேண்டுபவர்கள் வெற்றிலை பாக்கோடு வாருங்கள், எந்தத் தெருவிலிருந்தும். எனக்குப் பயம்தான். ஆனாலும் முதலில் நீட்டுகிற தட்டில் எடுத்துக்கொள்வேன்.

அம்மாவின் மகள்