திருச்சுழியில் ஒரு பழைய சேலை

நரிக்குடியில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த ரவிக்கைகளோடு திருச்சுழியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறேன். வேப்பமரத்தடியில் ஒரு பெண் தார்ப்பாயில் பழைய துணிகளைக் குவித்திருக்கிறாள். ஊர் ஊராகப் பாத்திரம் கொடுத்து வாங்கிய துணிகளாம்.

அருப்புக்கோட்டையில் தையல்கடையைத் தங்கையும் நானுமாகத்தான் தொடங்கினோம். புது மாதிரிகளைப் பேசிப் பேசியே கண்டுபிடிப்போம். அவள் கல்யாணமாகிப் பம்பாய் போய்விட்டாள். இப்போது இன்லண்ட் கடிதம்கூட அபூர்வம். கேட்டதைத் தைத்துக் கொடுப்பதோடு சரி, எனக்காக எதுவும் தோன்றுவதில்லை.

குவியலின் அடியிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை இழுக்கிறேன். கிறித்தவ வீட்டுக் கல்யாணச் சேலை. நடுவே கிழிந்திருக்கிறது, ஆனால் ஓரத்தில் கையால் பின்னிய லேஸ் கொஞ்சமும் பிரியவில்லை. இதைச் சின்னப் பிள்ளையின் கவுனுக்குக் கழுத்துப்பட்டியாக வைத்தால்? ரொம்ப நாளைக்குப் பிறகு கை பரபரக்கிறது.

"இதை எடுத்துக்கிறேன்."

"கிழிசலப் பாத்தீகளா? பொறவு கொறை சொல்லக் கூடாது."

"பாத்துட்டேன்."

"அப்ப அந்த முனையப் பிடிங்க, மடிச்சுத் தாரேன். ஒத்தையில மடிச்சா மண்ணுல பெரளும்."

பிடிக்கிறேன். தங்கை போனதிலிருந்து வீட்டில் சேலையின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டித்தான் மடிக்கிறேன். அவள் உதறுகிறாள், இழுத்துச் சரிசெய்கிறாள், மடித்தபடியே என்னை நோக்கி வருகிறாள். அவள் விரல்கள் என் விரல்களில் படுகின்றன.

"போதும், விடுங்கக்கா," என்கிறாள்.

நான் இன்னும் பிடித்துக்கொண்டே நிற்கிறேன்.