கழுத்தில் வளர்ந்த தழும்பும் நான் கேட்ட பழியும்

பிரியமானவர்களே, எனக்கு வந்த தலைகுனிவு என் சூப்பர்வைசருக்கும் வரவேண்டும் என்றுதான் நான் ஜெபித்தேன். அதை மறைத்துச் சாட்சி சொல்ல மனமில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் வேலை. ஸ்டீம் குழாய் கசிகிறது என்று சூப்பர்வைசர் பழனிசாமியிடம் இரண்டு முறை சொன்னேன். ஷிப்மென்ட் முடியட்டும் என்றார். மறுநாள் குழாய் பிடுங்கிக்கொண்டு ஆவி என் கழுத்தில் அடித்தது.

புண் ஆறியது. தழும்பு அடங்கவில்லை. புண் இருந்த இடத்தையும் தாண்டி, தடித்துப் பளபளவென்று வளர்ந்தது. ஓயாத அரிப்பு. துப்பட்டா பட்டாலே எரியும். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு போலி டாக்டர் அதை வெட்டி எடுத்தான். சில மாதங்களில் முன்னிலும் பெரிதாக முளைத்தது. செத்துவிடலாம் போலிருந்தது.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்த அன்று பழனிசாமி எல்லார் முன்பாகவும் சொன்னார்: “அம்மிணி, நீ குடோனுக்குள்ள போயி இரு. அந்தக் கழுத்தப் பார்த்தா யாருக்கும் சோறு எறங்காது.”

துணி மூட்டைகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். சுகம் கேட்கவில்லை. அவன் என் முன்னால் தலைகுனிந்து நிற்கவேண்டும், அதை என் கண் காணவேண்டும் என்று கேட்டேன். வெள்ளிதோறும் அதற்காகவே உபவாசம் இருந்தேன்.

சபைச் சகோதரி ஒருத்தி என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். நம்மைப்போல் கறுத்த தோலில் இது அதிகம் வரும், தொற்று இல்லை, என் தப்பும் இல்லை, வெறுமனே வெட்டினால் இன்னும் வளரும் என்றார் டாக்டரம்மா. மாதாமாதம் தழும்புக்குள்ளேயே ஊசி போட்டார்கள். வலியில் கத்தினேன். தழும்பு மெல்லத் தணிந்தது. என் ஜெபம் மட்டும் மாறவில்லை.

ஒரு மத்தியானம் பழனிசாமி என் டேபிளுக்கு வந்தார். தலை குனிந்திருந்தது. மகளுக்குக் காது குத்திய இடத்தில் கட்டி வளர்கிறதாம். போனில் படம் காட்டினார். இரண்டு காதிலும் நாவல்பழம் போல.

“நீங்க எங்கீங்க வைத்தியம் பாக்கறீங்க?”

பொய் சொல்லமாட்டேன், முதலில் சந்தோஷப்பட்டேன். அந்தப் போலி டாக்டரின் விலாசம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், அந்தப் பிள்ளையின் காது போய்விடும். ஆண்டவரே, என் வாயைப் பிடியும் என்றேன். அந்த நொடியே பிடித்தார்.

“வெட்ட மட்டும் விட்டுராதீய. பெரியாஸ்பத்திரி தோல் டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போங்க,” என்றேன்.

ஆனாலும் அவர் அன்று சொன்ன சொல்லுக்கு, லைனில் வேலை செய்யும் எல்லார் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்கவைத்தேன். கேட்டார். அதற்கு இன்றும் நான் வெட்கப்படவில்லை.

இப்போது கழுத்தை மூடாமல் வேலைக்குப் போகிறேன். அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபிக்கிறேன். அவள் அப்பாவுக்காக ஜெபிக்க இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படிக் கசப்பு இருந்தால், நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். அந்தக் கசப்போடேயே ஆண்டவரிடம் போங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைத் துரத்தவில்லை.