பீரோ இருந்த பக்கம்

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்ரீரங்கத்துப் பெண். எங்கள் சங்கத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எடுத்ததும் அழுகை.

"மேடம், என் பேப்பரை கேன்சல் பண்ணிட்டா. பரீட்சை எழுதறச்சே யாரோடயோ பேசிண்டே இருந்தேனாம். நான் யாரோட மேடம் பேசுவேன்?"

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எனக்குக் கோபம் பாலுக்கு முன்னாலேயே பொங்கியாயிற்று. "அழாதே, நான் வரேன்" என்று போனை வைத்தேன். ஆற்றுக்கு இக்கரையில் இருக்கும் கே.கே. நகரிலிருந்து ஸ்ரீரங்கம் போய்ச் சேர்வதற்குள், வழியில் குறுக்கே வந்த ஆட்டோக்காரர்கள் எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

நான் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஒரு சின்னச் சங்கத்தில் சேர்ந்தேன். தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்காக மனு கொடுப்பது, அதிகாரிகளைப் பார்ப்பது, கருத்துக் கேட்புக் கூட்டங்களில் எழுந்து பேசுவது, இதுதான் சங்கத்தின் வேலை. பாடமெல்லாம் செல்போனில் வருகிறது, பரீட்சைக்கு மட்டும் ஏன் ஹாலுக்கு இழுக்கிறீர்கள், அதையும் வீட்டிலிருந்தே எழுத விடுங்கள் என்பது எங்கள் முக்கியக் கோரிக்கை. அதற்கு நான் சொல்லும் உதாரணம்தான் இந்தப் பெண்.

அவள் மாமியார் படுத்த படுக்கை. கணவருக்குச் சென்னையில் கேட்டரிங் வேலை, மாதத்துக்கு ஒரு முறை வந்து போவார். வீட்டுக்கு நேர் எதிரே ஒரு நர்சரி ஸ்கூல். "டிகிரி ரிசல்ட்டோட வாம்மா, ஜூன்ல ஒரு கிளாஸ் தரேன்" என்று அதன் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். எதிர்வீடு மாதிரி ஸ்கூல். மணியடித்தால் ஓடிவந்து மாமியாரைப் பார்த்துவிட்டு ஓடலாம். அவள் செய்யக்கூடிய வேலை உலகத்தில் அது ஒன்றுதான். அதற்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பேப்பர்.

ஒவ்வொரு கூட்டத்திலும் மைக்கைப் பிடித்ததும் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன்: "இந்தப் பொண்ணு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தா, படுத்திருக்கிற மாமியாருக்கு யாருங்க தண்ணி கொடுப்பா?" அதிகாரிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். நல்ல வசனம் என்று எனக்கே ஒரு பெருமை.

காப்பியடிப்பார்களே என்றுதான் அவர்கள் பயந்தார்கள். கேமரா வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். போன் எதிரே நிற்கும், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், எழுந்தால் பரீட்சை முடிந்துவிடும், பக்கத்தில் யாரும் வரக்கூடாது, சந்தேகம் வந்தால் மெஷினே பேப்பரை கேன்சல் செய்துவிடும். எல்லாவற்றுக்கும் சரி என்றோம். சத்தத்தை மட்டும் பதிவு செய்யக்கூடாது என்று சண்டை போட்டோம். குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி, குழந்தை அழுகை, ஏழை வீட்டில் அமைதிக்கு எங்கே போவது? அதையும் ஒத்துக்கொண்டார்கள். சோதனை முறையில் ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்த அன்று, நான் மணப்பாறையிலிருந்து முறுக்கு வரவழைத்துச் சங்கத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். என் ஊர் முறுக்கு, என் வெற்றி. ஆட்டம் தாங்கவில்லை.

அவள் வீடு சித்திரை வீதியை ஒட்டிய சந்தில், மாடியில். ஹாலில் பரீட்சை எழுதிய நாற்காலி அப்படியே கிடந்தது. இடது பக்கம் ஒரு இரும்பு பீரோ. வலது பக்கம் மாமியார் படுத்திருக்கும் அறை. கதவு கிடையாது, பூப்போட்ட திரைச்சீலை.

"உண்மையைச் சொல்லு. யாராவது இருந்தாங்களா?"

"மாமியார் உள்ளே படுத்துண்டிருந்தா. வேற ஈ காக்கா கிடையாது, மேடம்."

"போன் பேசினியா?"

"போன்தான் என்னைப் பார்த்துண்டு எதிர்ல நிக்கறதே!"

அதுவும் சரிதான். இருந்தாலும் எனக்குள் ஒரு அரிப்பு. மெஷினுக்கு இவள் மேல் என்ன விரோதம்? வரும்போது அவள் பக்கம் நின்று சண்டை போடுவதாக வந்தேன். படியிறங்கும்போது யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

சங்கத் தலைவர் ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பதறாமல் பேசுவார், அதுவே எனக்குப் பாதிக் கோபம்.

"மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க. இந்த ஒரு கேஸுக்காகப் போய் நின்னோம்னா, பாத்தீங்களா, உங்க ஆளே காப்பியடிச்சிட்டாங்கன்னு திட்டத்தையே மூடிடுவாங்க. வையம்பட்டிப் பொண்ணை நினைச்சுப் பாருங்க."

வையம்பட்டிப் பெண் கைக்குழந்தைக்காரி. கடலைக்காட்டு வேலையும் முடித்துவிட்டு, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, வீட்டிலிருந்தே எல்லாப் பேப்பரையும் எழுதிப் பாஸ் செய்திருந்தாள். இந்தத் திட்டம் இல்லையென்றால் அவள் படிப்பு அவ்வளவுதான். தலைவர் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப இவளை விட்டுடறதா?" என்று கேட்டேன்.

"விடச் சொல்லல. சங்கத்து பேர்ல போகாதீங்கங்கறேன்."

சரி, என் பேரில் போனேன்.

விசாரணைக்கு அவளைப் பல்கலைக்கழகத்துத் தொலைதூரக் கல்வி அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாமியாரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, முகத்தைக்கூடச் சரியாகத் துடைக்காமல் வந்தாள். அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். "உட்காருங்க மேடம், நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

ஓசையில்லாத வீடியோ. அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு ஓரத்தில் பீரோ, மறு ஓரத்தில் திரைச்சீலை. கேள்வித்தாளைப் பார்க்கிறாள். பீரோ பக்கம் முகத்தைத் திருப்புகிறாள், யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் கொஞ்சம் தலையைச் சாய்க்கிறாள். உதடு அசைகிறது. நிற்கிறது. மறுபடியும் அசைகிறது. தலையாட்டுகிறாள். எழுதுகிறாள். திரும்பப் பீரோ பக்கம். கேட்கிறாள். உதடு அசைகிறது. எழுதுகிறாள்.

 பீரோவுக்குப் பின்னால் யாரோ நின்றுகொண்டு சொல்கிறார்கள், இவள் கேட்டு எழுதுகிறாள். சின்னக் குழந்தைகூட அப்படித்தான் சொல்லும். சுர்ரென்று ஏறியது எனக்கு.

"என்னடி இது?" என்றேன். 'டி' போட்டு அவளிடம் அதற்கு முன் பேசியதில்லை.

அவள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"நான் இப்படியா பண்றேன்?" என்றாள். என்னிடமல்ல, அதிகாரியிடமும் அல்ல.

அதிகாரி யோசித்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். "அதே கேள்வி. இங்கேயே எழுதுங்கம்மா. வாயை மட்டும் அசைக்காதீங்க."

உதட்டை இறுக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள். பேனா தாளின் மேல் நின்றது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது, தாளில் ஒரு வரி விழவில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"சரி, உங்க இஷ்டப்படி எழுதுங்க" என்றார்.

உடனே முகம் இடது பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் இருந்தது ஒரு தண்ணீர் கேன். அவள் கேனைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள், உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. எழுதத் தொடங்கினாள். மடமடவென்று பக்கம் நிரம்பியது. அதிகாரி எட்டி அந்தக் கேனை ஒருமுறை பார்த்தார். பாவம், அவரும் என்ன செய்வார்!

எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கே விளங்கி, மெல்லச் சொன்னாள். அவள் அப்பா பாசுரம் சொல்லி வைப்பவர். அதற்குச் சந்தை என்று பேர். சொல்லிக்கொடுப்பவர் ஒரு முறை சொல்வார், கற்பவர் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். ஹாலில் அண்ணாவுக்குச் சந்தை நடக்கும். இவள் தளிகை உள்ளில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஹால் இவளுக்கு இடது பக்கம்.

"அப்பா ஒரு தரம் சொல்லுவா, அண்ணா ரெண்டு தரம் சொல்லுவான். நானும் கூடவே ரெண்டு தரம் சொல்லிப்பேன். சத்தம் மட்டும் வெளில வரப்படாது. வந்தா, உனக்கெதுக்குடி இதுன்னு வையுவா. அதனால வெறும் உதடு. அதுக்கப்புறம் எதைப் படிச்சாலும் எனக்கு அப்படித்தான் வரும், மேடம். முகம் திரும்பறது எனக்கே தெரியாது."

யாருக்கும் கேட்கக்கூடாது என்று பழகிய பழக்கம். கேட்காமல் பேசியதால்தான் மாட்டிக்கொண்டாள். சத்தம் பதிவாகியிருந்தால் அறையில் வேறு குரலே இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். அதை வேண்டாம் என்று சண்டை போட்டவர்கள் நாங்கள். 

"நான் நம்பறேன்மா" என்றார் அதிகாரி. "ஆனா மெஷின் போட்டதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல. விட்டுப்போனவங்களுக்கு இந்த மாசமே ஹால்ல ஒரு பரீட்சை இருக்கு. எழுதிடுங்க. ஜூனுக்குள்ள ரிசல்ட் வந்துடும்."

"ஹாலுக்கு வந்தா மாமியாருக்கு..." என்று நான் வழக்கமான வசனத்தை ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். "நான் இருக்கேன்" என்றேன்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் பாஸ். ஜூனில் எதிர் ஸ்கூலில் எல்.கே.ஜி. வகுப்பு கொடுத்தார்கள். நடுவில் அந்தப் பரீட்சை நாள் ஒன்று இருந்தது, அதுதான் எனக்கு இன்னமும் செரிக்கவில்லை.

அன்று காலையிலேயே போய்விட்டேன். மாமியாருக்கு மாத்திரை, கஞ்சி, எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "போயிட்டு வரேன் மேடம்" என்று பஸ்ஸுக்கு ஓடினாள். நான் ஹாலில் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். இடது பக்கம் பீரோ, வலது பக்கம் திரைச்சீலை. தலைவர் போன் செய்தார். அடுத்த வாரம் கருத்துக் கேட்பு, சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், திட்டத்தை எல்லாப் பருவத்துக்கும் நீட்டிக்கப் பேசப்போகிறார்கள்.

"அந்தத் தண்ணி பாயின்ட்டை முதல்லயே சொல்லிடுங்க மேடம். அதுதான் எடுபடுது" என்றார்.

"பாக்கலாம்" என்றேன். என்ன பேசுவதென்று புரியவில்லை. வீட்டுப் பரீட்சை வேண்டும் என்றால் இவள் உதடு கண்முன் நிற்கிறது. வேண்டாம் என்றால் வையம்பட்டிப் பெண்ணின் குழந்தை நிற்கிறது. கேமராவை எடு என்றால் காப்பியடிக்கிறவன் சிரிக்கிறான். மண்டை காய்ந்தது.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல். சின்னக் குரல், ஆனால் பக்கத்தில் காதோடு சொன்னதுபோல் கேட்டது. "கொஞ்சம் தீர்த்தம்."

செம்பில் எடுத்துக்கொண்டு போய்த் தலையைத் தாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"அவ எங்கே?"

"பரீட்சை எழுதப் போயிருக்காங்க மாமி. வந்துடுவாங்க."

"அவதான் அன்னிக்கே ஆத்துல எழுதினாளே."

"ஆமாம். இன்னிக்குத் திரும்பவும் எழுதறாங்க."

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, கோள் சொல்கிற குழந்தையின் குரலில் சொன்னார்:

"அன்னிக்கு எத்தனை தரம் கூப்பிட்டேன் தெரியுமோ? தொண்டை வறண்டு போச்சு. கொஞ்சம் தீர்த்தம் கொடுடீ, கொஞ்சம் தீர்த்தம் கொடுடீன்னு. இங்கதான் உக்காந்திருந்தா. வரவே இல்லை."

 திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வீடியோவை மனத்துக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். பீரோ பக்கம் எத்தனையோ முறை திரும்பினாள். திரைச்சீலைப் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

மத்தியானம் வெயிலோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "நன்னா எழுதினேன் மேடம். ஹால்ல ஒரு சார் பக்கத்துல வந்து நின்னு பார்த்தார். ஒண்ணும் சொல்லலை, போயிட்டார்."

கேட்காமல் இருந்திருக்கலாம். எனக்கு வாயை அடக்கத் தெரியாது. "அன்னிக்கு மாமி கூப்பிட்டது உனக்குக் கேட்டுதா?"

சிரிப்பு போய்விட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"கேட்டுது மேடம்" என்றாள். "எழுந்தா பரீட்சை முடிஞ்சுடும்னு போட்டிருந்ததே."

செம்பைக் கழுவி, மறுபடியும் தண்ணீர் பிடித்துக்கொண்டு, திரைச்சீலையை விலக்கி உள்ளே போனாள்.