லாபம் என்றதும் மடங்கிய முட்டி

அம்பத்தூரில் அந்த மருத்துவமனையின் முதல் மாடித் தாழ்வாரத்தில், அறுவை அரங்கின் கதவிலிருந்து லிஃப்ட் வரை தொண்ணூற்றாறு தரை ஓடுகள் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்தில் அவற்றை நான்கு முறை எண்ணினேன். மூன்றாம் முறை தொண்ணூற்றைந்து வந்ததால்தான் நான்காம் முறை.

உள்ளே என் மகள் ஷமீமா இருந்தாள். வயது இருபத்தொன்பது. தொழில், பிஎம்எக்ஸ் சைக்கிள் பந்தயம். படிவத்தில் நான் அப்படி எழுதியதைப் பார்த்த வரவேற்பறைப் பெண், அது பொழுதுபோக்குதானே, வேலை என்ன என்று கேட்டாள். அதுதான் வேலை என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு ஒருமுறை என்னையும் ஒருமுறை படிவத்தையும் பார்த்தாள்.

முட்டி அறுவை முடிந்த ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு கவலைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கவலைப்படுவதில் எனக்கு எழுபத்திரண்டு வருட அனுபவம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நட்டு போல்ட்டு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். எண்ணுவது அங்கே பழகவில்லை. அதற்கும் முன்பே, பூந்தமல்லியில் என் அத்தா (அப்பா) நடத்திய அரிசி மண்டியில் பழகியது.

அந்தப் பந்தயத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு பத்தி. சின்னச் சக்கரம் வைத்த சைக்கிள். எட்டுப் பேர் ஒரு மண்மேட்டின் உச்சியில் வரிசையாக நிற்பார்கள். முன்சக்கரங்களை ஒரு இரும்புத் தடுப்பு மறித்திருக்கும். அதை கேட் என்பார்கள். பதிவு செய்த குரல் ஒன்று தயாராக இருக்கச் சொல்லும். பிறகு கேட் விழும். மேடும் பள்ளமும் வளைவுமாக நாற்பது நொடியில் எல்லாம் முடிந்துவிடும். ஷமீமா ஏழு பருவங்கள் இதை ஓட்டியிருக்கிறாள். வெளிநாடு ஐந்து. பந்தயம் முப்பத்தெட்டு. இறுதிச் சுற்று ஒன்பது. மேடை ஏறியது இரண்டு முறை.

குரல் முடிவதற்கும் கேட் விழுவதற்கும் நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறும். யாரும் முன்கூட்டிக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஒருமுறை நான் ஸ்டாப் வாட்சோடு போய் அறுபது இடைவெளிகளைக் குறித்துச் சராசரி எடுத்துக் கொடுத்தேன். ஷமீமா அந்தத் தாளை மடித்து, ஆடாமல் இருக்க டீக்கடை பெஞ்சின் காலடியில் வைத்தாள்.

விபத்து குத்தம்பாக்கத்தில் நடந்தது. அங்கே குத்தகை நிலத்தில் அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து மண் கொட்டிப் பயிற்சித் தடம் போட்டிருக்கிறார்கள். இரட்டை மேட்டை ஒரே தாவலில் தாண்டும்போது அரைச் சக்கர அளவு முன்னதாகவே இறங்கிவிட்டாள். கால் தரையில் ஊன்ற, உடம்பு திரும்ப, முட்டிக்குள் ஏதோ விட்டது. அந்தச் சத்தம் தனக்குக் கேட்டது என்றாள்.

ஸ்கேனில் ஏசிஎல் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் நார்) முழுவதுமாக அறுந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார்கள். மீண்டும் பந்தயம் ஓட்ட ஒன்பது மாதமாவது ஆகும் என்றார் டாக்டர் அம்மா. அடுத்த பருவம் அன்றிலிருந்து பத்தாவது மாதம் தொடங்குகிறது. ஷமீமா அதைக் கணக்குப் பார்த்துவிட்டு, சரி என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் முட்டியை மடக்கும் பயிற்சி தொடங்கியது. மல்லாந்து படுத்து, குதிகாலைப் படுக்கையிலேயே இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து, நாளுக்கு நான்கு வேளை. பிசியோதெரபிஸ்ட் ஜிஷா பாலக்காட்டுப் பெண். நீங்கள் எண்ணுங்கள் அங்கிள் என்று என்னிடம் சொன்னாள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. பொதுவாக நிறுத்தத்தான் சொல்வார்கள்.

எண்ணினேன். குறிப்பேடு ஒன்று வாங்கி, ஒவ்வொரு மடக்கலுக்கும் ஒரு கோடு போட்டேன். வேப்பம்பட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அது தொடர்ந்தது. என் மனைவி மைமூன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்த மனுஷன் அவ மூச்சு வுடறதக்கூட எண்ணிகினு கீறாரு" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

ஆறு வாரம் முடிந்து மருத்துவமனைக்குப் போனபோது டாக்டர் அம்மா கோணமானியை (மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு. நூற்றிருபது வந்திருக்க வேண்டும். இன்னும் நான்கு வாரம் பார்ப்போம், வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து நாங்களே மடக்க வேண்டியிருக்கும் என்றார். அதன் பிறகு பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பருவம் போய்விடும்.

ஷமீமா கூரையைப் பார்த்துக்கொண்டு, "முப்பது வயசுல ஒரு சீசன் வெளிய நின்னா அப்பறம் யாரும் கூப்பட மாட்டாங்க டாக்டர்" என்றாள்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த எண்ணைக் கேட்டதும், கால் இவ்வளவுதான் மடங்கும் என்றால் இவள் வீட்டிலேயே இருப்பாள் என்று ஒரு கணம் எனக்குள் ஒரு நிம்மதி ஓடியது. பராமரிக்கிறவர்களுக்கு இப்படியும் தோன்றும். தோன்றியதும் வெட்கமாக இருந்தது. உடனே குறிப்பேட்டை எடுத்து நீட்டினேன். நாற்பது நாள், நூற்றறுபது வேளை, ஆயிரத்து அறுநூறு மடக்கல். ஒன்றுகூட விடவில்லை என்றேன்.

எப்படிச் செய்கிறீர்கள் என்று காட்டச் சொன்னார். குறிப்பேடு அவர் கையில் இருந்ததால் அன்றைக்குத்தான் நோட்டைப் பார்க்காமல் காலைப் பார்த்து எண்ணினேன்.

"லாபம்" என்றேன். கால் அசையவில்லை. "ரெண்டு" என்றேன். மடங்கியது.

இதை விளக்க வேண்டும். படி வைத்து நெல்லோ அரிசியோ அளக்கும்போது முதல் படியை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். என் அத்தா அப்படித்தான் அளந்தார். ஸ்டோரில் போல்ட்டுகளை நானும் அப்படித்தான் எண்ணினேன். ஜிஷாவுக்கு அது தெரியாது. லாபம் என்றால் தமிழில் 'தயார்' என்று நினைத்துக்கொண்டு, முதல் நாள் அந்தச் சொல்லுக்குக் குதிகாலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.

"ஒனக்குத் தெரியும்ல?" என்று மகளைக் கேட்டேன்.

"தெரியும் அத்தா. அவங்க மடக்கல, நானும் வுட்டுட்டேன். லாபம் யாருக்கு, எனக்குத்தானேன்னு நெனச்சிகினேன்."

நூற்றறுபது மடக்கல் குறைந்திருக்கிறது. அதனால்தான் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்து, பத்தில் ஒன்று குறைந்தால் இப்படி ஆகாது சார் என்றார். பிறகு ஷமீமாவின் தொடைமேல் கையை வைத்து, இன்னொரு முறை எண்ணச் சொன்னார். எண்ணினேன். இன்னொரு முறை.

"நீங்க நம்பர் சொல்றதுக்கு முன்னாடியே தசை கல்லு மாதிரி ஆயிடுது" என்றார். "லாபம்னு சொல்றப்ப மட்டும்தான் தளர்வா இருக்கு."

வலி வரப்போகிறது என்று தெரிந்தால் தசை தானாகவே இறுகி மூட்டைப் பூட்டிக்கொள்ளும் என்று விளக்கினார். நான் சீராக எண்ணினேன். மூன்றுக்குப் பிறகு நான்கு எப்போது வரும் என்று அவள் தொடைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாற்பது நாள் நான் கொடுத்தது அந்த முன்னறிவிப்பைத்தான்.

எண்ணுவதை நிறுத்திவிடலாம் என்றார். ஷமீமாதான் வேண்டாம் என்றாள். எழுந்து உட்கார்ந்து, "அத்தா, லாபத்த மட்டும் வெச்சிக்கோ. ரெண்டு மூணு வாணாம். எப்ப தோணுதோ அப்ப சொல்லு. கேட் மாதிரி. நான் காத்துகினு இருக்கேன்" என்றாள்.

கேட்பதற்கு எளிது. வீட்டில் முதல் நாள் ஆறாவது லாபத்திலேயே, "ஏழு ஏழா வுடற அத்தா" என்றாள். உண்மைதான். வாய் சும்மா இருந்தாலும் உள்ளே ஏழு வரை எண்ணிக்கொண்டிருந்தேன். மின்சார ரயில் கடக்கும்போது சொல்லிப் பார்த்தேன். கால அட்டவணை எனக்கு மனப்பாடம். அவளுக்கும் இரண்டு நாளில் மனப்பாடமானது. மைமூன் சமையலறையிலிருந்து, "குக்கர் விசிலுக்குச் சொல்லேன், பருப்பு எப்ப வேகும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றாள். ஒரு வாரம் குக்கர் உதவியது.

பிறகு வேறு வழியில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். வலியை எதிர்பார்க்கும்போது அவளுக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு சுருக்கம் விழும். அது கலையும் நேரம் ஒன்று உண்டு. அவள் எதையோ நினைத்துக்கொள்வாள், அல்லது ஒன்றுமே நினைக்கமாட்டாள். அப்போது, மெதுவாக, லாபம் என்பேன். குதிகால் வழுக்கிக்கொண்டு வரும். சில நாள் வலியில் என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். எத்தனை முறை என்று எழுதி வைக்கவில்லை. குறிப்பேட்டில் நாற்பத்து மூன்றாம் நாளிலிருந்து தேதி மட்டும் இருக்கிறது.

நான்காம் வாரம் நூற்றிருபத்தொன்று. டாக்டர் அம்மா இரண்டு முறை அளந்தார். நானும் கேட்டு ஒருமுறை அளந்தேன்.

அதற்குப் பிந்திய மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொடை மெலிந்திருந்தது, மெல்லத் தேறியது. நிற்கும் சைக்கிள், பிறகு தெரு, பிறகு தட்டையான மண். முட்டியை ரிப்பேரான சாமான் போலப் பேசிக்கொண்டிருந்தவள், ஒருநாள் 'அது' என்பதை விட்டுவிட்டு 'நான்' என்றாள். "இன்னைக்கு நான் கொஞ்சம் டைட்டா கீறேன்" என்று. மைமூன்தான் கவனித்து என்னிடம் சொன்னாள்.

ஒன்பதாம் மாதம் கேட்டிலிருந்து கிளம்ப மட்டும் அனுமதி கிடைத்தது. இரட்டை மேடு இப்போதைக்கு வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் குத்தம்பாக்கம் போனோம். கேட்டுக்குக் குரல் கொடுக்கும் பெட்டி இத்தனை மாதம் கிடந்ததில் பேட்டரி செத்திருந்தது. கையால் இழுத்து விடும் நெம்புகோல் இருக்கிறது. அதை என்னைப் பிடிக்கச் சொன்னாள்.

"இன்னா சொல்லணும்?" என்றேன்.

"இன்னா சொல்வ? அதான்."

மேட்டுக்கு ஏறினாள். இரண்டு பெடலிலும் நின்று, முன்சக்கரத்தை இரும்பில் சாய்த்து, தலை குனிந்தாள். என் கையில் அந்த நெம்புகோல் இருந்தது. நான் இழுக்காவிட்டால் அவள் அங்கேயே நிற்பாள். அந்தப் பழைய நிம்மதி ஒருமுறை எட்டிப் பார்த்தது. புருவத்தைப் பார்க்க முடியவில்லை, ஹெல்மெட் மறைத்தது. தோளைப் பார்த்தேன். அது இறங்கியது.

"லாபம்."

கேட் விழுந்தது. அவள் அதற்குள் போய்விட்டாள்.

ஒரு சுற்று முடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சுவாங்க வந்து, கேட்டை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தேன் என்று கேட்டாள். ஸ்டாப் வாட்ச் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சுழியத்தில் நின்றிருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு மறுபடி மேட்டில் ஏறினாள். நானும் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.