இச்சையடக்கம், எக்ஸ்எல் சைஸ்

ஞானராஜ் அண்ணன் போய்விட்டார். நேற்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்... ஹார்ட். ஜீப் மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பீர்மேடு பக்கம் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. 'இச்சையடக்கம் அண்ணன்' என்றால் தெரியும். அந்தக் கதையைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்குத் தெரியவில்லை.

நானும் அவரும் சேர்ந்து 'கனி' என்று ஒரு டீஷர்ட் பிராண்ட் நடத்தினோம். பிராண்ட் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு ரூம், ஒரு மேஜை, பிரிண்ட் போடுகிற சட்டங்கள், ஒரு அயர்ன் பாக்ஸ். அவ்வளவுதான்.

திருப்பூரிலிருந்து வெள்ளை டீஷர்ட் மூட்டையாக வரும். அண்ணன் ஜெபம் பண்ணிவிட்டு, எழுத்து வெட்டிய சட்டத்தை மேலே வைத்து நீல மையை இழுப்பார். நான் அயர்ன் போட்டு மடித்து, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுவேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் ஜீப் பானெட் மேல் விரித்தால் அதுதான் எங்கள் ஷோரூம்.

வேதத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்கள் வரும். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று ஆரம்பித்து இச்சையடக்கத்தில் முடியும். சட்டைக்கு ஒரு குணம், நெஞ்சில் பெரிய எழுத்தில். அதுதான் எங்கள் டிசைன்.

அன்பு பறக்கும். சந்தோஷம் கிறிஸ்மஸுக்கு முன்பே தீர்ந்துவிடும். நீடிய பொறுமையைக்கூடக் கல்யாணமான ஆண்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப்போவார்கள்.

இச்சையடக்கத்தை மட்டும் ஒருத்தரும் தொடமாட்டார்கள். பெண் தேடிக்கொண்டிருக்கிற பையன் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டு எங்கே போவான், பாவம்...

"அண்ணே, அத மட்டும் கொஞ்சம் கொறச்சு அடிப்போமே" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"கனி ஒண்ணுதாம்லே, கொணந்தான் ஒம்பது. ஒரு பக்கத்த வெட்டிப்புட்டு மிச்சத்த வித்தா, அது அழுகுன பழம் விக்கிறதுல்லா?"

ஒன்பதையும் சரிசமமாகவே அடித்தார். ரூமுக்குள் நுழைந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் இச்சையடக்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடக்கம் எதுவும் இல்லை.

அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வருஷப்பிறப்பு ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். கண்ணை மூடி ஆளுக்கு ஒன்று; கையில் வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு. மாற்றிக்கொள்ள முடியாது.

அண்ணன் ஒன்பது குணத்துச் சட்டைகளையும் பேப்பரில் சுருட்டி, கொழுந்து பறிக்கிற கூடையில் போட்டு, சர்ச் வாசலில் உட்கார்ந்துவிட்டார். "ஜெபம் பண்ணி எடுங்க. வந்தது வந்ததுதான். மாத்தித் தர மாட்டோம்."

எங்கள் எஸ்டேட் சூப்பர்வைசர் எடுத்தார். இச்சையடக்கம். பக்கத்தில் நின்ற அவர் வீட்டம்மா சிரித்த சிரிப்பில் பாஸ்டரே வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஞானராஜு, இது வேற யாருக்கோ உள்ளது. மாத்திக் குடு" என்று சூப்பர்வைசர் சட்டையை நீட்டினார்.

"ஆண்டவர் எடுத்துத் தந்தத நான் எப்படி சார் மாத்துவேன்?"

மனுஷன் அதற்கப்புறம் எங்கள் ஜீப்பைப் பார்த்தாலே வேறு வழியாகப் போவார். ஆனால் கூடை காலி. பிராண்ட் பிழைத்தது.

கூடைக்குள் போகாமல் மிஞ்சிய பெரிய சைஸ் இச்சையடக்கத்தை எல்லாம் அண்ணனே போட ஆரம்பித்தார். தினமும். அவருக்கு சுகர் வேறு. சாயங்காலம் டீக்கடையில் பார்த்தால் நெஞ்சில் இச்சையடக்கம், கையில் ஏத்தம்பழ பஜ்ஜி, நம்ம பழம்பொரி.

"எழுதியிருக்கிறத வாசிச்சுட்டுச் சாப்பிடுங்கண்ணே" என்றால், "அடக்கம் உள்ளவனுக்கு எதுக்குலே இந்தச் சட்டை? இல்லாதவன்தான் போடணும்" என்று இன்னொரு பஜ்ஜிக்குச் சொல்வார்.

நேற்று சாயங்காலம் அண்ணன் வீட்டம்மா எஸ்தர் மதினி கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அண்ணனுக்கு அந்தச் சட்டையப் போட்டுத்தான் அனுப்பணும் தம்பி. கோட்டு சூட்டெல்லாம் போட்டுறாதன்னு முன்னமே சொல்லிருக்காக. புதுசு ஒண்ணு கொண்டு வா."

போய்ப் பார்த்தால் ரூமில் இருந்ததெல்லாம் ஸ்மால். பெரியது அத்தனையையும் இவரே போட்டுக் கிழித்துவிட்டார்.

வெறும் எக்ஸ்எல் வெள்ளைச் சட்டை ஒன்று கிடைத்தது. இன்று காலை நானே மை இழுத்தேன். முதல் தடவை... எழுத்து ஒரு பக்கம் ஏறிப்போனது. மையைக் காயவைக்க அயர்ன் பாக்ஸைச் செருகினேன், கரண்ட் போனது. மழை. மத்தியானம் அடக்கம்.

சட்டையை மடியில் விரித்துக்கொண்டு, வாயால் ஊதிக்கொண்டே ஜீப்பில் போனேன். வெளியே மூடுபனி. காய்ந்ததைவிட நனைந்ததுதான் அதிகம் என்று நினைக்கிறேன். அப்படியே போட்டுவிட்டோம்.

பாஸ்டர் பெட்டிக்குள் பார்த்தார். நெஞ்சைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், இருமிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

பெட்டியை மூடப்போகும்போது மதினி அண்ணன் நெஞ்சில் விழுந்து கட்டிக்கொண்டார். தூக்கிவிட்டபோது அவருடைய வெள்ளைச் சேலையில் நீலமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி... இச்சையடக்கம்.

எனக்கு உயிரே போய்விட்டது.

மதினி குனிந்து பார்த்தார். எழுத்தை விரலால் தொட்டார்.

"பாத்தியா தம்பி... கடைசிக் கூடையில எனக்கு இதான் வந்திருக்கு. மாத்தியும் தர மாட்டாக."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே உடைந்து அழுதார். வழி மாறிப் போகிற சூப்பர்வைசர்தான் எல்லோருக்கும் முன்னால் விம்மினார்.

போய் வாருங்கள் அண்ணே. அந்த ஊரில் சுகர் டெஸ்ட் கிடையாதாம். நிதானமாகச் சாப்பிடுங்கள்.