தொண்டையில் தெரிந்த வெளிச்சம்

மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவளுக்கு ‘மைக்கு’ என்று பெயர். மைக் தேவைப்படாத காரணத்தால். சந்தையில் அவள் குரலை மீறிப் பேசியவர் இல்லை. வீட்டில் முயன்றவரும் இல்லை, கணவர் உட்பட.

மார்பிலிருந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்ததும் டாக்டர் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுக்குப் பசி அதிகம். கிடைத்ததை வாரி விழுங்கிவிட்டுப் படத்தில் பளிச்சென்று மாட்டிக்கொள்ளும். அதுவரை நோயாளி வாய் திறக்காமல் படுத்திருக்க வேண்டும். உழைக்கிற தசையும் சர்க்கரை தின்னுமாம்.

மைக்கு படுத்தாள். ஃபோனையும் பக்கத்தில் படுக்கவைத்தாள். அவளுக்குப் பதிலாகச் சந்தையில் நின்ற கொழுந்தன் தக்காளியை அடிமாட்டு விலைக்குத் தள்ளப் போக, படுத்தபடியே ஃபோனில் முழு லோடையும் இவளே ஏலம் விட்டு முடித்தாள்.

படத்தில் தொண்டை ஜொலித்தது. அங்கேயும் பரவிவிட்டதோ என்று வீடே உறைந்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, தக்காளி ஏலம்தான்.

சில சுற்று கீமோவுக்குப் பிறகு மறுபடியும் ஸ்கேன். கட்டியின் வெளிச்சம் மங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது, அடுத்தது ஆபரேஷன். இல்லையென்றால் மருந்தை மாற்ற வேண்டும்.

“அண்ணி, இந்தத் தடவை மூச்சு விடக் கூடாது,” என்று நாத்தனார் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“மூச்சு விடலேன்னா ஸ்கேனே வேணாமேடி.”

ஊசி போட்டாயிற்று. கதவுக்கு வெளியே ஃபோன் அடித்தது. “வெங்காயமா? கேக்கற விலைக்குக் குடுத்துத் தொலைடா!” என்று நாத்தனார் தன் தம்பிக்கு உத்தரவு போட்டாள்.

உள்ளே மைக்குக்கு வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொள்ளலாமென்றால், தாடையும் ஒளிரும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். பல்லைக்கூடக் கடிக்காமல் பொறுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் பல்லைக் கடிப்பதன் அருமை தெரியும். கண்ணை மூடினாள். வாழ்நாளில் அவள் சும்மா விட்ட முதல் மூட்டை அது.

“தொண்டை சுத்தமா இருட்டு,” என்றார் டாக்டர், படத்தைப் பார்த்து. “கட்டியோட வெளிச்சமும் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. மருந்துக்குக் கட்டுப்படுது. நல்ல அறிகுறிம்மா.”

“பொழச்சிப்பேனா?”

“வாய்ப்பு கூடியிருக்கு. சத்தியம் பண்ணித் தர முடியாது.”

“சத்தியம் யாரு கேட்டா? ஆபரேஷனுக்குத் தேதி சொல்லுங்க.”

டாக்டர் காலண்டரைப் புரட்டினார். யோசித்தார். மறுபடி புரட்டினார்.

“ஒரு தரம்!” என்றாள் மைக்கு. வராந்தாவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ரெண்டு தரம்…”

மூன்றாவதற்குள் தேதி வந்துவிட்டது.